உள்ளே விட்ட இரண்டு அங்குலம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில கிழமைகளுக்கு முன் உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் புது வகுப்பறைக் கட்டடம் திறந்த விழா. நடுவில் நாடா வெட்டிக்கொண்டு நிற்பவர் இந்த ஊரில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவர், கட்டடத்துக்குக் காசு கொடுத்தவர். கருநீலக் கோட், சாம்பல் நிற ரை, மினுங்குகிற சப்பாத்து. பார்க்க எடுப்பாக இருக்கிறார். அந்தக் கோட் நான் தைத்தது. "அங்க வாங்கினால் ஆருக்கோ போற காசு, இஞ்ச உங்களிட்டயே தைப்பம் அக்கா" என்று துணியைக் கொண்டுவந்து தந்தார். மூன்று தரம் போட்டுப் பார்க்கச் சொல்லி, தோள் வளைவை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். என் கைவேலை பேப்பரில் வந்திருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

அந்தப் படத்தில் பிள்ளைகள் இல்லை. பான்ட் வாத்தியப் பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கே வாசலில் இருந்து மேடை வரை இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டார்கள். விருந்தினரின் வாகனம் வந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. ஆடி மாத வெயில். வன்னி வெயில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோளகம் அள்ளி எறிகிற புழுதி வேறு. இருபது அடி தள்ளி ஒரு வேம்பு நிற்கிறது, நல்ல நிழல். ஆனால் வரிசை குலையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. இன்னொரு பிள்ளை சத்தி எடுத்தது. பெரியவர்கள் நாங்கள் பந்தலுக்குள் கதிரையில் இருந்தோம். மேடையில் அறிவிப்பாளர், "நடை, உடை, பாவனை மூன்றிலும் இவர் ஓர் உண்மையான ஜென்டில்மன்" என்றபோது நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் என் பேத்தியின் தோளில் டிரம் வார் அழுத்திய தடத்தைக் கண்டேன். பத்து வயதுப் பிள்ளை. "தண்ணி குடிக்கப் போகட்டோ எண்டு கேட்டனான் அம்மம்மா, இப்ப வந்திடுவார், நில்லுங்கோ எண்டிட்டினம்" என்றாள்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஆண்களுக்கு அளவு எடுத்து, வெட்டித் தைத்து, அவர்களைப் பெரிய மனிதர்களாகத் தோன்ற வைக்கிற தொழில் செய்கிறேன். கொலருக்குள் கன்வஸ் வைத்தால் கழுத்து நிமிரும். தோளில் பஞ்சு வைத்தால் கூனல் மறையும். இதெல்லாம் என் கையால் ஆகிற காரியங்கள். என் கையால் ஆகாத காரியத்துக்கும் சேர்த்து அந்த மேடையில் ஒருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள், நானும் அதற்குக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா 1968இல் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஓர் ஓலைக் கொட்டிலில் தையற்கடை போட்டவர். எனக்குப் பன்னிரண்டு வயதில் தெறி தைக்கப் பழக்கினார். இரணைமடுத் தண்ணீரில் காலபோகம் விளைந்து, மாசி பங்குனியில் அறுவடை முடிந்து, கமக்காரர் கையில் காசு புழங்கினால்தான் எங்கள் கடையிலும் மெஷின் ஓடும். விளைச்சல் பொய்த்த வருஷம் புது லோங்ஸ் தைக்க யாரும் வர மாட்டார்கள். பிள்ளையின் பழைய கழுசானைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு தாய்மார்தான் வருவார்கள். அப்பாவின் குணம் அப்போதுதான் வெளியே தெரியும்.

பிள்ளைகளுக்குத் தைக்கிற எந்த உடுப்பிலும் அவர் இடுப்பின் பின்தையலிலும் கால் மடிப்பிலும் இரண்டு அங்குலத் துணியை உள்ளே விட்டுவிடுவார். மிச்சத் துணியைத் தையற்காரன் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அந்த மிச்சத்தில் தலையணை உறை தைத்து விற்றவர்களை எனக்குத் தெரியும். அப்பா அதை மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிடுவார். வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அது தெரியாது, அப்பாவும் சொல்ல மாட்டார். இரண்டு வருஷம் கழித்துத் தாய் அந்தக் கழுசானைக் கொண்டுவந்து நிற்கும்போது, உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இருக்குது பிள்ளை, விட்டுத் தாறன்" என்பார். அந்தத் தாயின் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1993இல் அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது. அளந்து வெட்டிய துணி. அதற்குள்ளும் எப்படியோ வளைத்து வெட்டி, உள்ளே கொஞ்சம் மிச்சம் பிடிப்பார். "வெட்டி எறிஞ்சால் குப்பை, உள்ளுக்கு விட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம்" என்பார்.

ஊருக்கெல்லாம் லோங்ஸ் தைத்தவர் தான் ஒரு நாளும் லோங்ஸ் போட்டதில்லை. சாரமும் பெனியனும்தான். 1996இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது மெஷினைச் சைக்கிள் கரியரில் கட்டி அக்கராயனுக்கு உருட்டிக்கொண்டு போனார். அங்கேதான் 1999இல் காய்ச்சலில் செத்துப்போனார். ஜென்டில்மனைத் தமிழில் கனவான் என்பார்கள். நான் கண்ட முதல் கனவான் அவர்.

இரண்டாவது கனவானை முகாமில் கண்டேன்.

2009 வைகாசியில், போரின் முடிவில், இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குள் வந்து இறங்கியபோது எங்களில் எவரிடமும் தோற்றம் என்று ஒன்று இருக்கவில்லை. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெட்டியாக விட்டுவிட்டு வந்த சனம். அப்பாவின் மெஷினைத் தருமபுரத்தில் ஒரு பங்கருக்குள் இறக்கி மண் போட்டு மூடிவிட்டு வந்தேன். திரும்பிப் போனபோது மெஷினும் இல்லை, பங்கர் இருந்த இடமும் தெரியவில்லை. முகாமில் அதிபருக்கும் கிழிந்த சாரம், வயற்கூலிக்கும் கிழிந்த சாரம். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கூடாரம், ஒரே தண்ணீர் வரிசை. யார் என்ன உத்தியோகம் என்று உடுப்பைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. உடுப்பைப் பார்த்தே ஆட்களை அறிந்து பழகிய எனக்கு, கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் தெரியத் தொடங்கினார்கள்.

பெண்களுக்குக் குளிப்பதுதான் பெரும் பாடு. தண்ணீர் பிடிக்கிற இடம் வெட்டவெளி. குமர்ப்பிள்ளைகள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, உடுத்த உடுப்போடு குளிப்பார்கள். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபது வயது இருக்கும். மனைவியை மாத்தளனில் இழந்துவிட்டு வந்தவர். ஒருநாள் எங்கிருந்தோ நாலு தடி தேடிக்கொண்டு வந்து நட்டு, விரிக்கவும் போர்க்கவும் தன்னிடம் இருந்த ஒரே பெட்சீற்றை அதில் சுற்றிக் கட்டினார். கட்டிவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் இருந்தார். அந்தப் பக்கம் வருகிற ஆண்களைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்புவார். நாங்கள் குளித்து முடித்துப் போன பிறகு, நனைந்த பெட்சீற்றை அவிழ்த்துப் பிழிந்துகொண்டு போவார். நான் அந்த வரிசையில் இருந்த மூன்று மாதமும் ஒரு விடியல் தவறாமல் இது நடந்தது. ஒரு தரமும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அதே இடத்தில், முன்பு பெரிய பதவியில் இருந்த ஒருவர், கைக்குழந்தையோடு நின்ற தாயை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைத்ததையும் பார்த்தேன். அவரைப் பழி சொல்ல நான் எழுதவில்லை. அந்த நாட்களில் யாருடைய மனமும் மனமாக இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் மனமும்தானே உடைந்து கிடந்தது?

2012இல் அவர் என் கடைக்கு வந்தார், கையில் ஒரு சட்டி எருமைத் தயிரோடு. முத்தையன்கட்டுப் பக்கம் மாடு பார்க்கிறவர் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். சாரத்துக்கு ஒட்டுப் போட வந்தவர். காசு வேண்டாம் என்றேன். "அப்ப தயிரை எடுங்கோ பிள்ளை, சும்மா தைப்பிச்சுக்கொண்டு போகக் கூடாது" என்றார்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு உடுப்புகள் எல்லாம் திரும்பி வந்தன. எனக்கும் பிழைப்பு வந்தது. அந்த வருஷங்களில் என்னிடம் அதிகம் லோங்ஸ் தைத்தவர்கள் கடன் கம்பனிகளில் வேலைக்குச் சேர்ந்த பெடியன்கள். மடிப்புக் குலையாத லோங்ஸ், முழுக்கைச் சேட், ரை, கழுத்தில் அடையாள அட்டை. "பார்த்தவுடன மதிப்பு வர வேணும் அக்கா" என்பார்கள். நானும் அக்கறையாகத் தைத்துக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் முற்றத்தில் இரண்டு பேரைக் கண்டேன். கிழமைத் தவணையை அவளால் கட்ட முடியவில்லை. பின்னேரம் வந்து கதிரையில் இருந்தவர்கள், விளக்கு வைத்து, இருட்டியும் எழும்பவில்லை. தனியாக இருக்கிற பெண்ணின் முற்றத்தில் இரவில் ஆண்கள் இருந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கதைக்குப் பயந்து எங்காவது கடன் வாங்கிக் கட்டுவாள் என்பதுதான் கணக்கு. அடித்தால்கூடச் சத்தம் கேட்டு நாலு பேர் வந்திருப்பார்கள். இது சத்தம் இல்லாமல், "அக்கா, அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே செய்த காரியம். அதில் ஒருவன் போட்டிருந்த லோங்ஸ் நான் தைத்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாய் வரையான நிலுவை நுண்கடன்களை அரசாங்கம் பெண்களுக்காகப் பொறுப்பேற்றது. அவளுடைய கடன் தீர்ந்தது. ஆனால் அந்தக் கதிரையை அவள் இன்றைக்கும் முற்றத்தில் போடுவதில்லை.

அந்தப் பெடியன்களில் ஒருவன் அப்போதே வேலையை விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போனான் என்பதையும் சொல்ல வேண்டும். "என்ர அம்மாவும் தனியத்தானே இருந்தவ அக்கா" என்று மட்டும் சொன்னான்.

ஜென்டில்மன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என் மகனிடம் கேட்டேன். அகராதியைப் பார்த்துச் சொன்னான். அதன் வேர் லத்தீனில், ஒரே குலத்தைச் சேர்ந்தவன் என்று அர்த்தமாம். இங்கிலாந்தில் நெடுங்காலம் நல்ல குடியில் பிறந்து, கையால் வேலை செய்யாமல் வாழ்கிற வசதி உள்ளவனுக்குத்தான் அந்தப் பெயராம். கேட்டதும் எனக்கு நெஞ்சில் குத்தியது. என் அப்பாவின் விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போனவை. நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. புதிதாக ஒருவர் ஊருக்கு வந்தால், "ஆள் எந்தப் பகுதி?" என்று முதல் கேள்வி வருகிறது. ஊர்ப் பெயர் சொன்னால் கேட்டவருக்குப் போதாது, அவர் கேட்டது ஊரை அல்ல. முகாமில் இல்லாத அந்தக் கேள்வி வேட்டி சேட்டோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கேள்வியால் அடிபடுகிற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கைக்குக் காலையும் பின்னேரமும் முச்சக்கர வண்டியில் பாண் கொண்டுவருகிற தம்பி. அவருடைய தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து தருமபுரத்தில் குடியேறியவர். தம்பி பிறந்தது இங்கே, படித்தது இங்கே, இடம்பெயர்ந்து ஓடியதும் எங்களோடுதான். ஆனாலும் அவர் போன பிறகு ஒரு சொல்லைச் சொல்லி அவரைக் குறிக்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையில் உண்டு. அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன்.

இலங்கை முழுக்கப் பாண் வண்டிகள் பெரும்பாலும் ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டுதான் வரும். அது கேட்டால் பிள்ளைகள் வேலிக்கு ஓடி வருவார்கள். 2022இல் மாவு விலை ஏறி, பாண் விலை ஏறி, பெற்றோல் வரிசையில் இரண்டு மூன்று நாள் கிடந்துதான் அவரும் வண்டி ஓட்டினார். அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வீடு வரை பாட்டு வரும். பக்கத்து வளவு வந்ததும் நின்றுவிடும். அதைத் தாண்டி வேம்படி வளைவில் மறுபடி தொடங்கும். முதலில் ஏதோ பழுது என்று நினைத்தேன். தினமும் அதே இடத்தில் நின்றதால் ஒருநாள் மறித்துக் கேட்டேன்.

அவருக்குச் சொல்ல விருப்பம் இல்லை. வற்புறுத்திய பிறகு சொன்னார். "அந்த வீட்டில மூண்டு சின்னப் பிள்ளையள் அம்மா. சத்தம் கேட்டால் ஓடி வந்து நிக்கும். தாய் உள்ள கூப்பிடுவா. போகாதுகள். பிறகு அடிதான். ஏன் நான் போட்டு அந்த அடியை வாங்கிக் குடுக்க வேணும்?"

சும்மா ஒரு பாண் கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு தரம் கொடுத்துப் பார்த்தாராம். அடுத்த நாள் அந்தத் தாய் படலையில் காத்திருந்து ஒரு கட்டு முருங்கைக்காயை நீட்டினாளாம், கண்ணைப் பார்க்காமல். அந்தப் பார்க்காத கண்தான் அவரைச் சுட்டிருக்கிறது. அதற்குப் பிறகு இலவசம் என்ற பேச்சே இல்லை. இரண்டு நாள் கழித்துப் போய், "அக்கா, உங்கட முருங்கைக்காய் நல்ல சதை. பரந்தனில ஒரு சாப்பாட்டுக் கடை கேக்குது. கிழமைக்கு ரெண்டு கட்டுத் தருவீங்களோ? காசாகவோ பாணாகவோ எடுங்கோ" என்று விலை பேசினாராம். கடைக்காரரிடம் முதலில் போய்க் கேட்டு, வாங்கச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் அவளிடம் போயிருக்கிறார். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கிழமையில் நாலு நாள் பாண் போனது. அவள் அதைக் கொடுத்து வாங்கினாள். ஒருவருக்கும் அவள் கடன் இல்லை. இப்போது பாட்டு அந்த வளவுக்கு முன்னாலும் கேட்கிறது.

நான் அவரிடம் ஒரு சேட்டுக்கு அளவு எடுக்கிறேன் என்றேன். தீபாவளிக்குப் பார்ப்போம் என்றார். அவர் போடுகிற சேட்டின் கொலர் இரண்டு பக்கமும் தேய்ந்து, உள்ளே இருக்கிற கன்வஸ் வெளியே தெரிகிறது.

ஆசிரியர் அவர்களே, பாடசாலைகளுக்கும் விழா எடுக்கிறவர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விருந்தினர் படலைக்கு வந்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அதுவரை நிழலில் இருக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். வரிசை கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒருவருக்கும் நட்டம் இல்லை. உங்கள் படப்பிடிப்பாளர்களிடமும் சொல்லுங்கள், நாடா வெட்டுகிற கையை எடுத்த பிறகு கமராவைக் கொஞ்சம் பிள்ளைகள் பக்கமும் திருப்பட்டும்.

நாடா வெட்டிய அந்த விருந்தினரிடம் நேரில் சொல்லாமல் பத்திரிகைக்கு எழுதுவது முறையில்லை என்று பட்டது. அதனால் இந்தக் கடிதத்தைச் சில நாட்கள் எழுதாமல் வைத்திருந்தேன். திரும்பிப் போவதற்கு முன் அவர் கோட்டைக் கொண்டுவந்தார், இடுப்பு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்த வேண்டும் என்று. கதிரையைப் போட்டு, தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். எட்டு மணி, வெயில், விழுந்த பிள்ளை, என் பேத்தியின் தோள், எல்லாம் சொன்னேன்.

"எனக்குப் பத்தரைக்கு எண்டுதான் சொன்னவை அக்கா" என்றார். பிறகு கன நேரம் பேசவில்லை. தேத்தண்ணீர் ஆறிவிட்டது. "இல்லை, பிழை என்னிலயும்தான். காரால இறங்கேக்க அந்தப் பிள்ளையளின்ர முகத்தைப் பார்த்தனான். வேர்த்து வழியுது. பார்த்துக்கொண்டுதான் நடந்து போனனான்" என்றார். விழுந்தது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். வீட்டைச் சொன்னேன். வாகனத்தை என் கடை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் விசாரிக்கவில்லை. திரும்பி வந்தபோது, பேப்பருக்கு எழுதப் போகிறேன் தம்பி என்றேன். "எழுதுங்கோ, என்ர பேரைப் போட்டாலும் சரி" என்றார். நான் போடவில்லை.

கோட்டின் இடுப்பை ஒன்றரை அங்குலம் தளர்த்திக் கொடுத்தேன். உள்ளே இன்னும் அரை அங்குலம் இருக்கிறது.

இங்ஙனம்,
ஒரு தையற்காரி,
கிளிநொச்சி.